மஞ்சப்பையும் 7,100 தடவையும்

அனந்தனாறு: இன்று காலை எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி செய்தி போட்டிருக்கிறார்: 'துணிப்பை பிளாஸ்டிக் கவரை விடக் கெடுதல். 7,100 தடவை தூக்கினால்தான் அதைச் செய்ததில் வந்த கெடுதல் ஒரு பிளாஸ்டிக் கவரின் கெடுதலுக்குச் சமமாகும். டென்மார்க் அரசாங்கமே சொல்லிவிட்டது.' கீழே ஒரு சிரிப்புப் பொம்மை வேறு. முப்பது வருஷமாகத் துணிப்பையோடு வடசேரி கனகமூலம் சந்தைக்குப் போகிறவன் நான். என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது. அந்தத் தம்பி இந்த இணையக் குழுவிலும் உண்டு. வந்து பதில் சொல்லட்டும்.

பைக்கணக்கு: நான்தான் அண்ணாச்சி. அடித்துவிட்ட எண் இல்லை. 2018-ல் டென்மார்க் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட அறிக்கை. சாதாரணப் பருத்திப் பை 7,100 தடவை. ரசாயன உரம் போடாமல் விளைந்த இயற்கைப் பருத்தி என்றால் 20,000.

அனந்தனாறு: நானும் பார்த்தேன். பருவநிலை மாற்றத்துக்கு மட்டும் பார்த்தால் அதே அறிக்கையில் 52 தடவை போதும் என்று இருக்கிறது. 7,100 வந்தது எல்லாப் பாதிப்பையும் சேர்த்துப் பார்த்ததால், அதிலும் ஓசோன் படலத்துக்கு வரும் பாதிப்பின் கணக்கால். 52-ஐ விழுங்கிவிட்டு 7,100-ஐ மட்டும் துப்பினால் என்ன நியாயம்?

பைக்கணக்கு: 7,100-ம் அதே தாளில்தானே இருக்கிறது? தினம் ஒரு தடவை என்றால் 19 வருஷம் 5 மாதம். எந்தப் பை தாங்கும்?

அனந்தனாறு: என் பை தாங்கும். அப்பாவின் பழைய காக்கிக் கால்சட்டையில் தைத்தது. பிடியை இரண்டு தடவை மாற்றியாயிற்று. அடியில் சேனைக்கிழங்கு மண் படிந்த கறை, எத்தனை துவைத்தாலும் போகாது. தையல் ஒரு இடத்தில்கூட விடவில்லை. அதோடு, சந்தையில் நான் ஆறு கடை ஏறுகிறேன். அது ஆறு தடவை.

பைக்கணக்கு: ஆறு கடை ஏறினாலும் ஒரு தடவைதான்.

அனந்தனாறு: யார் சொன்னது? கத்தரிக்காய்க்கு ஒரு கவர், மிளகாய்க்கு ஒன்று, கருவேப்பிலைக்கு ஒன்று என்று கடைக்குக் கடை கொக்கியிலிருந்து கிழித்துத் தருகிறார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் இந்தக் கவருக்குத் தடை, கொக்கிக்கு மட்டும் அது தெரியாது. நான் மிச்சம் பிடித்தது ஆறு கவர். ஆகவே ஆறு.

தேரூர் டீச்சர்: பழைய துணியில் தைத்த பைக்கு இந்த எண்ணே பொருந்தாதே. அதற்காகப் புதுப் பருத்தி விளைவிக்கவில்லை. தண்ணீரும் உரமும் அந்தக் கால்சட்டைக் கணக்கிலேயே போயிற்று. அப்புறம், டென்மார்க்கில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். தெருவிலும் கடலிலும் சேரும் கவரை அந்த அறிக்கை கணக்கிலேயே எடுக்கவில்லை. இங்கே ஒரு மழை பெய்தால் அனந்தனாறு கால்வாயில் என்ன மிதக்கிறது என்று போய்ப் பாருங்கள்.

பைக்கணக்கு: டீச்சர், ஆறு கடை என்பது ஒரு தடவையா, ஆறு தடவையா? அதை மட்டும் சொல்லுங்கள்.

அனந்தனாறு: ஆறு.

குளச்சல்காரன்: எல்லாம் சரி மக்கா, சாளை வாங்க மஞ்சப்பையோடு வந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். மீன் தண்ணீர் ஒழுகி, பேருந்தில் அவரைச் சுற்றி நாலு சீட் காலி. அவருக்கு வசதியாகத்தான் இருந்திருக்கும்.

மார்த்தாண்டம் மச்சான்: எங்கள் பக்கம் இறைச்சியைத் தேக்கு இலையில் பொதிந்து தருவார்கள். கிழக்கே உள்ளவர்களுக்கு இந்தப் பழக்கமெல்லாம் கிடையாது.

குளச்சல்காரன்: பார்த்தேன் பார்த்தேன். உள்ளே தேக்கு இலை, வெளியே கறுப்புக் கவர். மீனுக்கு எவர்சில்வர் தூக்கு கொண்டு வாருங்கள், முடிந்தது விஷயம்.

அனந்தனாறு: மேற்கே உள்ளவர்கள் பழக்கத்தைப் பற்றிப் பேச வேண்டாம். போன வருஷம் இதே இடத்தில் காய்கறிக் கழிவை உரமாக்குவது எப்படி என்று நான் பத்து நாள் பாடம் எடுத்தேன். மார்த்தாண்டம் மச்சான் பார்த்துப் படிக்கிறேன் என்று என் மண் தொட்டியை வாங்கிக்கொண்டு போனார். தொட்டி இன்னும் வரவில்லை.

மார்த்தாண்டம் மச்சான்: அதில் ஓட்டை இருந்தது அண்ணாச்சி.

அனந்தனாறு: உரத் தொட்டியில் ஓட்டை இல்லாமல் பிறகு எப்படி ஓய் காற்றுப் போகும்?

தேரூர் டீச்சர்: துணிப்பை என்று பெருமையாகத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பலர் கையில் இருப்பது துணியே இல்லை. ஜவுளிக்கடையில் தருகிற, சின்னச் சின்னப் புள்ளியாக அழுத்தின பை இருக்கிறதே, அது நெய்தது அல்ல. பாலிப்ரொப்பிலீன். ஓரத்தில் நூல் பிரித்துப் பாருங்கள், நூலே வராது. தீக்குச்சி காட்டினால் சுருண்டு உருகும்.

அனந்தனாறு: டீச்சர் யாரைச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். போன பொங்கலுக்கு நான் கொண்டு வந்த பச்சைப் பை மருமகள் வீட்டில் கொடுத்தது. அதை நான் துணி என்று சொல்லவே இல்லை.

தேரூர் டீச்சர்: நான் உங்களைச் சொல்லவே இல்லையே!

நெறியாளர்: இந்த இழையின் தலைப்பு 'வீட்டில் செய்யக்கூடிய சின்னச் சின்னப் பசுமைப் பழக்கங்கள்'. தயவுசெய்து தலைப்புக்கு வாருங்கள்.

பைக்கணக்கு: வருகிறேன். அண்ணாச்சி வீட்டிலிருந்து சந்தைக்கு முக்கால் கிலோமீட்டர். காரில் போகிறார். பை பின் சீட்டில் உட்கார்ந்து வருகிறது. பெட்ரோலுக்கு எத்தனை தடவை?

அனந்தனாறு: எனக்கு மூட்டுவலி. ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை என்று இரண்டும் பெய்கிற ஊரில் இந்த முட்டியை வைத்துக்கொண்டு நடந்து பாரும், தெரியும். பேச்சை மாற்றாதீர் தம்பி. 52 என்று அறிக்கையில் இருக்கிறதா இல்லையா?

பைக்கணக்கு: இருக்கிறது. 7,100-ம் இருக்கிறது.

அனந்தனாறு: 52 இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பைக்கணக்கு: 7,100-ஐ நீங்கள் ஒப்புக்கொண்டது காலையிலேயே பதிவாகிவிட்டது.

குளச்சல்காரன்: 2011-ல் இங்கிலாந்துக்காரன் பருத்திப் பைக்கு 131 என்று ஒரு கணக்கு போட்டானே, அதை யார் வைத்துக்கொள்வது?

அனந்தனாறு: அதைப் பிறகு பார்ப்போம். வாரம் மூன்று நாள் சந்தை, ஆறு கடை, முப்பது வருஷம். பெருக்கிப் பார்த்தேன், 28,000-க்கு மேல் வருகிறது. இயற்கைப் பருத்தியையும் தாண்டிவிட்டது!

பைக்கணக்கு: ஆறு இல்லை அண்ணாச்சி, ஒன்று. அப்படிப் பார்த்தால் 4,680. இன்னும் 2,420 பாக்கி.

அனந்தனாறு: ஆறு.

மார்த்தாண்டம் மச்சான்: தொட்டியை ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருகிறேன். எதில் வைத்துக் கொண்டு வர?