பழைய குசினி அடுப்புக்கூட்டுக்குள்ள எந்த விறகடுப்பு சரிவரும்? புகையும் திரும்பி வருது, உதவி தேவை (திருகோணமலை)

உவர்மலைக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு சின்னச் சந்தேகம்தான், ஆனா எழுதத் தொடங்கினா நீளும் போல கிடக்கு, பொறுத்துக்கொள்ளுங்கோ. எங்கட வீடு உவர்மலையில, அம்மப்பா கட்டின பழைய ஓட்டு வீடு. குசினியில ரெண்டடி உயரத்தில ஒரு மேடை, அதுக்கு மேல செங்கல்லால கட்டின அடுப்புக்கூடு, அதுக்கும் மேல புகைக்கூடு. காஸ் வந்த பிறகு அந்தக் கூட்டுக்குள்ள வெங்காயக் கூடையும் பழைய பேப்பரும்தான் இருந்தது. 2022ல காஸுக்கு விடிய விடியக் கியூவில நிண்ட காலத்தில அம்மா மூண்டு கல்லை வைச்சு அதுக்குள்ள திரும்பச் சமைக்கத் தொடங்கினவ, இப்ப காஸ் கிடைச்சாலும் சோறும் மீன் குழம்பும் விறகிலதான் எண்டு ஒற்றைக் காலில நிக்கிறா. சரி, மூண்டு கல்லை எடுத்துப்போட்டு ஒரு நல்ல அடுப்பா வாங்கி அந்தக் கூட்டுக்குள்ளயே வடிவா இருத்துவம் எண்டு பாக்கிறன்.

டேப் பிடிச்சு அளந்தன். வாய் அகலம் 40 இஞ்ச், உயரம் 30, உள்ளுக்கு ஆழம் 24. களிமண் அனகி அடுப்பு வாங்கச் சொல்லி அயலட்டைச் சனம் சொல்லுது, கடையில தகரத்தில செய்த அடுப்பும் கண்டன், ஒஸ்லோவில இருக்கிற சித்தப்பா எண்டா ‘என்ர வீட்டில ஒரு வார்ப்பிரும்பு அடுப்பு சும்மா கிடக்கு, சாமானோட சாமானாக் கப்பலில போட்டு விடுறன்’ எண்டு நிக்கிறார். அவருக்கு என்ன மறுமொழி சொல்லுறது எண்டும் தெரியேல்ல.

இன்னொரு கரைச்சல். கச்சான் காத்துக் காலத்தில புகை மேல போகாமத் திரும்பிக் குசினிக்குள்ள வருது, கண் எரிஞ்சு கண்ணீர் ஓடும். மாரியில அவ்வளவு இல்லை. நல்ல அடுப்பு வைச்சா இது நிக்குமோ?

தம்பலகாமத்து அக்கா:
தங்கச்சி, அனகியையே வாங்குங்கோ, வேற யோசிக்க வேண்டாம். எங்கட வீட்டில இது மூண்டாவது. முன்னுக்கு ஒரு வாயில விறகு வைச்சா அந்த நெருப்பே பின்னால இருக்கிற ரெண்டாவது பானைக்கும் போகும், முன்னுக்குச் சோறு, பின்னுக்குப் பருப்பு, சோறு வடிக்க முதல் பருப்பும் அவிஞ்சிடும். மூண்டு கல்லோட பாக்கேக்க விறகு பிடிக்கிறது நல்லாக் குறைவு. சிங்களத்தில அனகி எண்டா விலைமதிக்கேலாதது எண்டு அர்த்தமாம், விலை எண்டாப் பெரிசா ஒண்டுமில்லை 😄

சும்மா மேடையில தூக்கி வைச்சீங்களெண்டா வருசத்துக்குள்ள வெடிச்சிடும். சுத்திவரக் களிமண் பூச வேணும். அதைக் கேட்டா வடிவாச் சொல்லித் தாறன்.

நிலாவெளி ராசா:
புகைதானே பிரச்சினை? 6 இஞ்ச் பிவிசி பைப் ஒண்டை வாங்கி ஓட்டைப் பிச்சு மேல விடுங்கோ, முடிஞ்சுது அலுவல்.

பாலையூத்து மேசன்:
ராசா, பிவிசி உருகி அந்தப் பிள்ளையின்ர சோத்துப் பானைக்குள்ள வடியும். விளையாடாதேங்கோ. அந்தப் புகை நஞ்சு.

நிலாவெளி ராசா:
சரி சரி, நான் வாயை மூடுறன்.

பேர்கன் சாம்பல்தீவான்:
நான் பிறந்தது சாம்பல்தீவு, இப்ப நோர்வேயில இருக்கிறன், வீட்டில விறகடுப்புத்தான். உங்கட சித்தப்பாவுக்கு நன்றி சொல்லி வேண்டாமெண்டு சொல்லுங்கோ தங்கச்சி. அந்த அடுப்பு சமைக்கிறதுக்கு எண்டு செய்தது இல்லை, சூடு காயச் செய்தது. இங்க 1853ல தொடங்கின யோத்துல் எண்ட கொம்பனியின்ர அடுப்பு வீட்டுக்கு வீடு கிடக்கும், அருமையான சாமான், ஆனா சாதாரணமா 5, 6 கிலோவாட் சூட்டை ஒரு அறைக்குள்ள கக்கும். அதைத் திருமலைச் சித்திரை வெயிலில குசினிக்குள்ள வைச்சு என்ன செய்யப் போறீங்கள்? மேல ஒரு கேத்தில் வைக்கலாம், சோத்துப்பானை வைச்சா எப்ப வேகும் எண்டு சொல்லேலாது. பாரம் 100 கிலோவுக்கும் மேல போகும், உங்கட மேடை தாங்குமோ தெரியாது. அதோட கடல் காத்துக்கு வார்ப்பிரும்பு துருப்பிடிச்சுச் செத்துப்போகும். தகர அடுப்புக்கும் அதே கதிதான், உவர்மலையில இருந்து கடல் எவ்வளவு தூரம்?

ஆனா இங்க அடுப்பு பொருத்தேக்க நான் படிச்ச ஒரு விசயம் உங்களுக்கு உதவும். பழைய கூட்டுக்குள்ள அடுப்பு இருத்த முன்வாயை மட்டும் அளந்தாக் காணாது. கன கூடு உள்ளுக்குப் போகப் போக ஒடுங்கும், மேலயும் சரிஞ்சு வரும். பின்சுவரின்ர அகலம் எவ்வளவு, சரிவு எந்த உயரத்தில தொடங்குது, புகைக்கூட்டின்ர துவாரம் உள்ளளவு எவ்வளவு? இந்த மூண்டையும் அளந்து போடுங்கோ. அதுக்குப் பிறகு அடுப்பைப் பற்றிக் கதைப்பம். எனக்கு என்னவோ உங்கட பிரச்சினை அடுப்பு இல்லை எண்டு படுது.

உவர்மலைக்காரி:
அண்ணா சொன்ன மாதிரி டோர்ச் அடிச்சுத் தலையை உள்ளுக்கு விட்டு அளந்தன், தலைமயிர் முழுக்கக் கரி, அம்மா சிரிச்சுக் களைச்சுப்போனா. பின்சுவர் அகலம் 32தான்! முன்னுக்கு 40, பின்னுக்கு 32. அடுப்பை மட்டும் வாங்கிக்கொண்டு வந்திருந்தா அரைவாசியில இறுகி நிண்டிருக்கும். 26 இஞ்சில சரிவு தொடங்குது. துவாரம் 8க்கு 8 சதுரம். புகைக்கூடு ஓட்டுக்கு மேல ஒண்டரை அடிதான் நிக்குது. மேற்குப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் மாடி கட்டிட்டினம், எங்கட புகைக்கூட்டில இருந்து அந்தச் சுவர் ஒரு 15 அடி இருக்கும்.

பேர்கன் சாம்பல்தீவான்:
அப்ப கணக்கைப் பாருங்கோ. வாய் 40 தர 30, அது 1200 சதுர இஞ்ச். துவாரம் 8 தர 8, வெறும் 64. வாய் துவாரத்தைப் போல கிட்டத்தட்ட 19 மடங்கு. திறந்த அடுப்புக்கூட்டுக்கு ஒரு கைக்கணக்கு இருக்கு, வாய் துவாரத்தின்ர 10 மடங்கு, மிஞ்சினா 12 மடங்கு, அதுக்கு மேல போகப்படாது. போனாப் புகையை இழுக்கிற காத்தின்ர வேகம் காணாது, புகை சோம்பேறித்தனமா முன்னுக்கு உருண்டு வெளிய வரும். என்ன விலை அடுப்பை வைச்சாலும் அது மாறாது.

64ஐ 12ஆல பெருக்கினா 768. ரெண்டு பக்கமும் 4 இஞ்ச் அகலத்துக்குக் கல்லுக் கட்டினா முன்வாயும் 32 ஆகும், பின்சுவரோட நேராயிடும். மேல 6 இஞ்ச் மறைச்சா உயரம் 24. 32 தர 24 சரியா 768. உடனே கட்டிப்போடாதேங்கோ. முதலில ஒரு தகரத்துண்டை வாயின்ர மேல் விளிம்பில பிடிச்சுக்கொண்டு நெருப்பு நல்லா எரியேக்க மெல்ல மெல்லக் கீழ இறக்குங்கோ. எந்த இடத்தில புகை வெளிய வாறது நிக்குதோ அதுதான் உங்கட அளவு, கணக்கு ஒரு குறிப்புத்தான்.

பாலையூத்து மேசன்:
தம்பி சொன்ன கணக்கு சரி, நாங்கள் கையால குத்துமதிப்பாச் செய்யிறதை அவர் பேப்பரில போட்டிருக்கிறார். பிள்ளை, ஒரு விசயம் கேக்கிறன், உங்கட குசினிக் கதவு எந்தப் பக்கம்?

உவர்மலைக்காரி:
கிழக்குப் பக்கம் ஐயா, கடல் பக்கம். மேற்கில சின்ன ஜன்னல் ஒண்டு இருக்கு, மாடி வந்த பிறகு ஆக்கள் பாக்கினம் எண்டு அம்மா பூட்டினபடி.

பாலையூத்து மேசன்:
அதுதான் விசயம். வாடைக்காத்து வடகிழக்கால வரும், உங்கட கதவுக்குள்ளால நேர குசினிக்குள்ள பூந்து புகையை மேல தள்ளிவிடும். அதாலதான் மாரியில சுகம். கச்சான் மேற்கால அடிக்கும், அப்ப கிழக்குக் கதவு காத்துக்கு மறைவுப் பக்கம், அது குசினிக்குள்ள இருக்கிற காத்தை வெளிய உறிஞ்சும். உறிஞ்சினா அந்த இடத்துக்குக் காத்து எங்கால வரும்? புகைக்கூட்டால கீழ இறங்கும், புகையையும் கூட்டிக்கொண்டு. கச்சான் காலத்தில சமைக்கேக்க கிழக்குக் கதவைச் சாத்திப்போட்டு மேற்கு ஜன்னலைத் துறக்கச் சொல்லுங்கோ. ஒரு சதச் செலவில்லை. ஆக்கள் பாக்கிறது கரைச்சலெண்டா அரைச்சீலை ஒண்டு போடுங்கோ, நெருப்புக்குத் தள்ளி.

ஒண்டரை அடி காணாது. ஓட்டைத் துளைச்சு வாற இடத்தில இருந்து குறைஞ்சது 3 அடி எழுப்ப வேணும், 10 அடிக்குள்ள கூரை முகடோ சுவரோ ஏதும் இருந்தா அதையும் விட 2 அடி கூட. மாடிச்சுவர் 15 அடி தள்ளி எண்டபடியாத் தப்பினீங்கள், இல்லாட்டி மாடிக்கு மேல புகைக்கூடு கட்ட வேண்டி வந்திருக்கும். ஆனாலும் மாடியில அடிச்ச காத்து சுருண்டு கீழ விழும், ஒரு மூடி வேணும். இப்ப மேல என்ன மூடி கிடக்கு? ஆரையும் ஏத்திப் பாருங்கோ. ஏறுறவன் ஓட்டில காலை வைக்காமப் பலகை போட்டு ஏறட்டும். கடைசியாப் புகைக்கூடு எப்ப துப்பரவாக்கினது?

உவர்மலைக்காரி:
ஒரு நாளும் இல்லை எண்டு நினைக்கிறன் 🙈

பேர்கன் சாம்பல்தீவான்:
இங்க புகைக்கூடு துடைக்க உள்ளூராட்சிக்காரரே ஆள் அனுப்புவினம், கதவில நோட்டீஸ் ஒட்டிப்போட்டு வந்து ஏறித் துடைப்பினம். அங்க நாங்கள்தான் ஏற வேணும். கரி கட்டியாப் பிடிச்சிருந்தா ஒரு நாள் அதுவே நெருப்புப் பிடிக்கும், ஓட்டுக்குக் கீழ மரச்சலாகை எல்லோ. ஈர விறகு எரிச்சாக் கரி கெதியாப் பிடிக்கும், அம்மாவிட்டச் சொல்லுங்கோ.

உவர்மலைக்காரி (ரெண்டு கிழமைக்குப் பிறகு):
எல்லாருக்கும் நன்றி, நடந்ததைச் சொல்லத்தான் வந்தன். மாமான்ர பொடியன் பலகை போட்டு ஏறினவன். மேல அப்பா எப்பவோ மழைத்தண்ணி வராமல் இருக்க ஒரு சீமெந்துத் தட்டை நாலு மூலையிலயும் ஓட்டுத்துண்டு வைச்சு மூடியிருக்கிறார், இடைவெளி ஒண்டரை இஞ்ச் கூட இல்லை! அதுக்குள்ள மைனா வந்து கூடு கட்டி, குஞ்சு பொரிச்சுப் போனது கூடத் தெரியாது எங்களுக்கு, வைக்கோல், பொலித்தீன், ஒரு சின்னப் பிள்ளையின்ர சொக்ஸ் எல்லாம் வந்தது. பிறகு கயித்தில கல்லும் சாக்கும் கட்டி மேல இருந்து இறக்கி ஏத்தி ஒரு வாளி கரி எடுத்தம். நாங்கள் அடுப்பையும் காத்தையும் குறை சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறம்.

தட்டை எடுத்த உடனயே பாதிப் புகை போட்டுது. மேற்கு ஜன்னலைத் துறந்து பாத்தம், இன்னும் குறைஞ்சுது. தகரம் பிடிச்சுப் பாத்ததில 23 இஞ்சில புகை சுத்தமா நிண்டுது, அண்ணாவின்ர கணக்குக்கு ஒரு இஞ்ச்தான் வித்தியாசம். ஆனா அதில ஒரு சிக்கல். அடுப்பும் பானையும் சேந்தா 23க்குள்ள பானையைத் தூக்கி எடுக்க இடம் காணாது, அம்மா சோறு வடிக்கேக்க கையைச் சுட்டுப்போடுவா. என்ன செய்யிறது?

பாலையூத்து மேசன்:
மேல் மறைப்பைக் கல்லால கட்டாதேங்கோ. கொஞ்சம் தடிப்பான இரும்புத் தகரத்தில பிணைச்சல் போட்டுத் தொங்க விடுங்கோ, கொக்கி ஒண்டில மாட்டினா மேல நிக்கும், விட்டாக் கீழ வரும். பானை இறக்கேக்க தூக்கி மாட்டிப்போட்டு இறக்கலாம். கச்சான் இல்லாத காலத்தில மாட்டினபடியே கிடக்கட்டும். பக்கக் கல்லைக் கட்டேக்க களிமண் சாந்து போடச் சொல்லுங்கோ. புகைக்கூட்டை எழுப்புறதுக்கு மட்டும் சீமெந்து. புது மூடிக்கும் துவாரத்துக்கும் இடையில குறைஞ்சது 6 இஞ்ச் விடுங்கோ, நாலு பக்கமும் கம்பிவலை அடிச்சா மைனா வராது.

தம்பலகாமத்து அக்கா:
இப்ப என்ர முறை. அடுப்பு வாங்கப் போகேக்க டேப்பையும் அம்மாவின்ர பெரிய பானையையும் கொண்டு போங்கோ, வெக்கப்படாதேங்கோ, செய்யிற ஆளைப் பொறுத்து அளவு கொஞ்சம் மாறும். பானை வாயில உக்காந்து ஆடாம நிக்க வேணும். விரலால தட்டிப் பாருங்கோ, கணீரெண்டு கேட்டா நல்லாச் சுட்டது, மொக்குச் சத்தம் கேட்டா வெடிப்பு இருக்கு.

கூட்டுக்குள்ள வைக்கேக்க விறகு வாய் முன்னுக்கு, ரெண்டாவது பானை நேர புகைத்துவாரத்துக்குக் கீழ. மிச்சப் புகை பின்பானையைச் சுத்தித்தான் வெளிய வரும், அது அப்பிடியே மேல போகட்டும். பூசுறதுக்குப் புத்துமண் கிடைச்சா விசேசம், இல்லாட்டிக் களிமண்ணும் மணலும், அதோட உமியும் கொஞ்சம் சாணியும் போட்டுக் குழைச்சு ஒரு இரவு ஊற விடுங்கோ. உமி வேணுமெண்டா இஞ்ச வந்து எடுங்கோ, தம்பலகாமத்தில உமிக்குப் பஞ்சமில்லை. சீமெந்து மட்டும் பூசிப்போடாதேங்கோ, சூட்டுக்கு அது பிளந்து அடுப்பையும் சேத்துப் பிளக்கும். பூசி ஒரு கிழமையாவது நிழலில காய விட்டு, முதல் நாளில சிரட்டை நாலைப் போட்டு மெல்லிசா எரியுங்கோ. எடுத்த எடுப்பில பாலை விறகை அடைஞ்சு எரிச்சா வெடிச்சுப்போகும்.

உவர்மலைக்காரி:
பாலை விறகு எண்டதும் அம்மா பக்கத்தில நிண்டு ‘அதைத்தான் நான் எரிப்பன்’ எண்டுறா. பக்கக் கல்லுக் கட்ட வேண்டாமாம், அந்த மூலையில உப்புச் சிரட்டையும் நெருப்புப்பெட்டியும் வைக்க வேணுமாம். மேசன் ஐயா, கட்டுற கல்லுக்குள்ள ஒரு சின்ன மாடம் விடலாமோ?

பாலையூத்து மேசன்:
4 இஞ்ச் கல்லுக்குள்ள எப்பிடிப் பிள்ளை மாடம் விடுறது? கூட்டுக்கு வெளிய, வலது பக்கச் சுவரில ஒரு தட்டு அடிச்சுக் குடுங்கோ. உப்பும் அங்கதான் காய்ஞ்சு நிக்கும்.

உவர்மலைக்காரி:
கேட்டிட்டன். இடது பக்கமாம்.