கூல் ரூஃப்: 'குளிர்கூரை' வேணாமே

வணக்கம்,

வெயில் சூட்டத் திருப்பி அனுப்பற கூரையான கூல் ரூஃபுக்கு நாம தமிழ்ச்சொல் தேடறோம்ல, அதுக்கு அக்கா சொன்ன 'தண்கூரை' கேக்க இனிமையா இருக்கு, அண்ணன் சொன்ன 'குளிர்கூரை' சட்டுனு புரியுது, ஆனா ரெண்டுமே எனக்கு உறுத்துது. அந்தக் கூரை எதையும் குளிர வெக்கறதில்ல. விழற வெயில்ல பெரும்பங்க திருப்பி அனுப்பிடும், உறிஞ்சின மிச்ச சூட்டயும் சீக்கிரமா வெளிய விட்டுடும், அவ்வளவுதான். புதுசா அடிச்ச வெள்ளைப் பூச்சு 80% வரைக்கும் வெயில திருப்பும், கருத்த கூரை 5லேருந்து 20% தான். இங்க தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல சீலிங் இல்லாத தகர வீட்டுல இருக்கறவங்ககிட்ட 'குளிர்'னு சொன்னா ஏசி மாதிரின்னு நெனச்சு ஏமாந்து போவாங்க. 'வெண்கூரை'யும் ஒத்துவராது, வெயில்ல கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர மட்டும் நல்லா திருப்பற, வெள்ளை இல்லாத கலர் பெயின்டெல்லாம் இப்போ இருக்கு.

என் யோசனை 'வெயில்விலக்கி'. இடிதாங்கி, கொசுவிரட்டி மாதிரி செய்யற வேலையே பேரு. வெயில்விலக்கிக் கூரை, வெயில்விலக்கிப் பூச்சு. 'வெயில்திருப்பி'ன்னா சூட்ட வெளிய விடற பாதி வேல விட்டுப்போகுது.

இதுல நான் பிடிவாதமா நிக்கறதுக்குக் காரணம், இது போய்ச் சேர வேண்டியது ஏழைங்க தெருவுக்கு. அகமதாபாத்ல 2010 வெப்ப அலைக்கப்புறம் 2013ல ஹீட் ஆக்‌ஷன் பிளான் (வெப்ப அலைய சமாளிக்கற திட்டம்) போட்டாங்க, பின்னாடி குடிசைப் பகுதி கூரைங்களுக்கு வெள்ளை அடிச்சாங்க. அமெரிக்காவுல 108 நகரத்த பார்த்த 2020 ஆய்வுல, 1930கள்ல வீட்டுக்கடன் குடுக்க லாயக்கில்லன்னு மேப்ல சிவப்பு அடிச்ச பகுதிங்க மத்த இடத்த விட சராசரியா 2.6 டிகிரி செல்சியஸ் கூடுதல் சூடாம். இனவாரியா குடியிருப்பப் பிரிச்ச 1950 குரூப் ஏரியாஸ் சட்டத்தால நம்ம இந்திய ஜனங்கள சாட்ஸ்வொர்த்ங்கற புறநகருக்குத் தள்ளின ஊர்ல இருந்துக்கிட்டு இத படிக்கறப்போ மனசு ஆறல.

சொல்லுக்கான விளக்கத்துல ஒரு எச்சரிக்கை கட்டாயம் வேணும். பூச்சு அடிக்கறதுக்கு முன்னாடி கூரைய நல்லா கழுவச் சொல்லுவாங்க, ஆனா பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்ட பிரஷ் போட்டுத் தேய்ச்சாலோ பிரஷர்ல தண்ணி அடிச்சாலோ நார் பிரிஞ்சு பறந்து நுரையீரலுக்குள்ள போயிடும். தென்னாப்பிரிக்கா 2008லயே ஆஸ்பெஸ்டாஸ தடை பண்ணிடுச்சு, பழைய வீட்டுக் கூரையில இன்னும் கெடக்கு. அதுக்குத் தெரிஞ்ச ஆள கூப்பிடணும், வீட்டுக்காரங்க ஏறக்கூடாது. அப்புறம் தூசி படியப் படிய திருப்பற அளவு கொறையும், அதனால 'மறுபூச்சு'ன்னு ஒரு சொல்லயும் சேர்த்துடுங்க.

உறிஞ்சின சூட்ட வெளிய விடற திறனான எமிசிவிட்டிக்கு 'வெப்ப உமிழ்திறன்' நல்லாவே இருக்கு, அத மாத்த வேணாம். வெயில்விலக்கிக்கு மறுப்பு இருந்தா எழுதுங்க அண்ணே, பேசி முடிப்போம்.