பொலிகாளை ஏலப் பட்டியலில் உள்ள இபிவி எண்களை எப்படிப் படிப்பது?

வினா: புல்வெளிவாசி

வணக்கம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், ஆர்மிடேலுக்கு அருகேயுள்ள ஓர் ஆங்கஸ் இறைச்சி மாட்டுப் பண்ணையில் பணிபுரிகிறேன். இவ்வாண்டு வாங்கவிருக்கும் பொலிகாளை குறித்து என் கருத்தையும் கேட்டிருக்கிறார்கள். ஏலப் பட்டியலில் இரண்டு இளங்காளைகளைக் குறித்து வைத்திருக்கிறோம். முதல் காளையின் இபிவி, அதாவது மரபுத்திறன் மதிப்பீடுகள் (கிலோவில்): பிறப்பு எடை +6.5, 200 நாள் எடை +60, 600 நாள் எடை +130. இரண்டாவதற்கு அவை முறையே +2.1, +52, +108. வாங்கும் காளையைப் பெரும்பாலும் தலையீற்றுக் கிடாரிகளோடுதான் சேர்ப்போம். பால்மறந்த கன்றுகளை விற்றுவிட்டு, நல்ல கிடாரிக் கன்றுகளை மட்டும் மந்தைக்கென நிறுத்திக்கொள்வது எங்கள் வழக்கம். முதல் காளையின் கன்றுகள் 600 நாளில் 22 கிலோ கூடுதலாக இருக்கும் என்று கொள்ளலாமா? கண்ணால் பார்த்தே காளை வாங்கிப் பழகிய எங்கள் மேலாளர், இரண்டாவது காளை உருவத்தில் சிறியது என்று தயங்குகிறார்.

மறுமொழி 1: பண்ணைக்கணக்கு

22 கிலோ என்று கொள்ள முடியாது; 11 கிலோ என்றே கொள்ள வேண்டும். இபிவி என்பது காளையின் மரபுத்திறன் பற்றிய மதிப்பீடு. அதில் பாதியைத்தான் காளை கன்றுக்குக் கொடுக்கிறது, மறுபாதி தாயிடமிருந்து வருகிறது. ஆகவே இரு காளைகளுக்கிடையே உள்ள வித்தியாசத்தைப் பாதியாக்கினால்தான் கன்றுகளில் சராசரியாக எதிர்பார்க்கக்கூடிய வித்தியாசம் கிடைக்கும். அதிலும் நீங்கள் பால்மறந்த கன்றுகளை விற்பவர்கள் என்பதால் 600 நாள் எடை உங்கள் கைக்கு வரும் பணம் அன்று. நீங்கள் பார்க்க வேண்டியது 200 நாள் எடையைத்தான். அங்கே வித்தியாசம் 8, கன்றுக்கு 4 கிலோ. அந்த 4 கிலோவுக்காகப் பிறப்பு எடையில் சராசரியாக 2.2 கிலோ கூடுதலான கன்றுகளைத் தலையீற்றுக் கிடாரிகள் சுமக்க வேண்டுமா என்பதே உங்கள் முன் உள்ள கேள்வி.

இன்னொன்று: பூச்சியம் என்பது இனத்தின் சராசரி அன்று. அது பல்லாண்டுகளுக்கு முந்தைய அடிப்படைக் கோடு; இனம் அதிலிருந்து வெகுதூரம் நகர்ந்துவிட்டது. ஆங்கஸ் இனத்தில் 600 நாள் எடையின் சராசரி மதிப்பீடே இன்று 100 கிலோவைத் தாண்டிவிட்டதால், +108 என்ற எண்ணைக் கண்டு மயங்கவும் வேண்டாம், அதைக் குறைவென்று தள்ளவும் வேண்டாம். பட்டியலின் பின்பக்கத்தில், இனத்தின் மற்ற மாடுகளோடு ஒப்பிட்டு இடத்தைக் காட்டும் சதவிகித நிலை அட்டவணையில் அந்தக் காளை எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

மேலாளரின் தயக்கம் புரிகிறது. ஆனால் ஏலத்திடலில் நாம் காணும் உருவத்தில் தீவனத்தின் பங்கும், தாயின் வயதும், பிறந்த மாதமும் கலந்திருக்கின்றன. ஒரே பண்ணையில் ஒரே பருவத்தில் ஒரே மேய்ச்சலில் வளர்ந்த கன்றுகளைத் தமக்குள் ஒப்பிட்டு, உறவுக்காளைகளின் பதிவுகளையும் சேர்த்து, அந்தக் கலப்பைப் பிரித்தெடுப்பதற்காகவே 1985 முதல், இந்த இபிவி எண்களைக் கணிக்கும் ப்ரீட்பிளான் முறை இயங்கி வருகிறது. அதன் கணிப்பு முறையை உருவாக்கியவர்கள் உங்கள் ஆர்மிடேல் பல்கலைக்கழக வளாகத்திலேயே இருக்கிறார்கள்.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

மேலே சொன்னதை ஏற்கிறேன்; ஆனால் பிறப்பு எடையை மட்டும் வைத்து முடிவெடுப்பது போதாது. எளிதில் ஈனும் தன்மைக்கெனத் தனி மதிப்பீடு உண்டு. இரண்டு வயதுக் கிடாரிகளில் எத்தனை சதவிகிதம் உதவியின்றி ஈனும் என்பதில் உள்ள வித்தியாசத்தை அது காட்டுகிறது. எண் உயர்ந்தால் நல்லது. பிறப்பு எடையின் செல்வாக்கு அதற்குள் ஏற்கெனவே அடங்கியிருப்பதால் கிடாரிகளுக்கு அதையே முதலில் பாருங்கள். கிடாரிக் கன்றுகளை நிறுத்திக்கொள்வதாகச் சொல்கிறீர்கள். எனவே மகள்கள் எளிதில் ஈனும் தன்மை, பால், முதிர்ந்த பசுவின் எடை ஆகிய மூன்றையும் விட்டுவிடாதீர்கள். 600 நாள் எடையை மட்டும் துரத்துபவர்களின் மந்தையில் சில தலைமுறைகளில் பசுக்களும் பெருத்துவிடும். 2019 வறட்சியை உங்கள் பகுதியில் கண்டவர்களுக்கு, பெரிய பசு எவ்வளவு தின்னும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

ஒவ்வோர் எண்ணுக்கும் கீழே துல்லியம் என்று ஒரு சதவிகிதம் அச்சாகியிருக்கும். கன்றுகள் இன்னும் பிறக்காத இளங்காளைக்கு அது குறைவாகத்தான் இருக்கும். மரபணுப் பரிசோதனை செய்திருந்தால் ஓரளவு உயரும். துல்லியம் குறைவென்பதற்காக எண்ணை ஒதுக்கிவிட வேண்டாம். கையில் இருக்கும் மதிப்பீடுகளில் சிறந்தது அதுதான், பின்னாளில் மேலேயோ கீழேயோ நகரலாம் என்பது மட்டுமே அதன் பொருள். ஆனால் காலின் அமைப்பு, விரைச்சுற்றளவு, விந்தின் தரம் ஆகியவற்றை நேரில் சோதித்த சான்றில்லாமல் எந்தக் காளையையும் வாங்காதீர்கள். எண்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும், கிடாரியின் மேல் ஏற முடியாத காளையால் ஒரு கன்றும் கிடைக்காது.

மறுமொழி 3: நெப்ராஸ்கா மேய்ச்சல்

அமெரிக்காவில் இபிவிக்குப் பதில் இபிடி என்பதையே பயன்படுத்துகிறோம். அதில் பாதியாக்கும் கணக்கை முன்கூட்டியே செய்துவிடுகிறார்கள். இணையத்தில் அமெரிக்கக் காளைகளின் எண்களைப் பார்ப்பீர்களானால், அவை பவுண்டில் இருப்பதையும் சேர்த்து, இதை மனத்தில் கொள்ளுங்கள்.

எண்களைப் பின்தொடர்வதில் உள்ள ஓர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். இங்கே ஆங்கஸ் இனத்தில் சிறந்த எண்களுக்காக நாடெங்கும் பயன்படுத்தப்பட்ட ஒரு காளையின் வழியாக ஒடுங்கு மரபுக்குறை (தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளிப்படும் குறை) ஒன்று பரவியிருந்தது 2008இல் வெளிப்பட்டது. முதுகு வளைந்து கால்கள் விறைத்துக் கன்றுகள் இறந்தே பிறந்தன. குறையைச் சுமக்கும் காளையும் சுமக்கும் பசுவும் சேர்ந்தால் நான்கில் ஒரு கன்றுக்கு அது வர வாய்ப்புண்டு. இன்று டிஎன்ஏ சோதனை இருப்பதால், பட்டியலில் அந்தக் குறை இல்லை என்பதைக் காட்டும் ஏஎம்எஃப் என்ற குறி இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஆனால் ஆண்டுதோறும் ஒரே தந்தையின் மகன்களையே வாங்கும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

புல்வெளிவாசி

மூவருக்கும் நன்றி. இரண்டாவது காளையின் எளிதில் ஈனும் தன்மை இனத்தின் முதல் கால்பங்கில் இருக்கிறது. மேலாளரிடம் அதைக் காட்டிப் பேசுகிறேன். முதிர்ந்த பசுக்களுக்கு ஒரு ஹெரஃபோர்டு காளையும் பரிசீலனையில் உள்ளது. அதன் எண்களை இவற்றோடு ஒப்பிடலாமா?

பண்ணைக்கணக்கு

நேரடியாக ஒப்பிட இயலாது. ஒவ்வோர் இனத்துக்கும் அடிப்படைக் கோடு வேறு. ஹெரஃபோர்டின் +60 ஆங்கஸின் +60 ஆகாது. ஹெரஃபோர்டு காளைகளைத் தமக்குள் ஒப்பிட்டுத் தேர்ந்தெடுங்கள். கலப்பினக் கன்றுகளுக்குக் கிடைக்கும் கலப்பு வீரியம் (பெற்றோர் இனங்களின் சராசரியை விஞ்சும் திறன்) எந்த இபிவியிலும் சேராத தனி ஆதாயம்; ஆனால் அந்தக் கலப்புக் கிடாரிகளை மந்தையில் நிறுத்துவதா, விற்பதா என்பதைக் காளை வாங்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.