தோள் சுழற்சி அளவு ஆளுக்கு ஆள் மாறுகிறதே, எதை நம்புவது?

சிப்புட் கோச்:
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து டேவானில் (பொது மண்டபத்தில்) 12 பிள்ளைகளுக்குப் பூப்பந்து சொல்லித் தருகிறேன். மாதாமாதம் தோளை அளப்பேன். பெஞ்சில் மல்லாக்கப் படுக்க வைத்து, மேல்கையைப் பக்கவாட்டில் நீட்டி, முழங்கையை 90 டிகிரி மடக்கி, முன்கையில் கைப்பேசியைக் கட்டி, உள்பக்கமும் வெளிப்பக்கமும் எவ்வளவு திரும்புகிறது என்று பார்ப்பது. பலத்துக்குப் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய லக்கேஜ் தராசு; அதன் பட்டையை முன்கையில் கட்டி இழுக்கச் சொல்வேன்.

14 வயதுப் பெண் ஒருத்திக்கு வலது தோள் உள்சுழற்சி செவ்வாய்க்கிழமை 64 டிகிரி. வெள்ளிக்கிழமை என் உதவியாளர் அளந்தால் 48. பலமும் 9 கிலோவிலிருந்து 7க்கு இறங்கிவிட்டது. வலி இல்லை என்கிறாள். போட்டிக்கு அனுப்பவா, நிறுத்தவா?

ஈப்போ பிசியோ:
தம்பி, வெள்ளிக்கிழமை அளந்தது பயிற்சிக்கு முன்பா, பின்பா? தோள்பட்டையை யாராவது பிடித்தீர்களா?

சிப்புட் கோச்:
பின்புதான் அக்கா, ரெண்டு மணி நேர ஸ்மாஷ் முடிந்து. நான் பிடிக்கவில்லை. உதவியாளர் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாராம்.

ஈப்போ பிசியோ:
அப்படியென்றால் நீங்கள் ரெண்டு பேரும் வேறு வேறு விஷயத்தை அளந்திருக்கிறீர்கள். பிடிக்காவிட்டால் தோள்பட்டை எலும்பு பெஞ்சிலிருந்து எழும்பி முன்னால் வரும். அந்த அசைவும் கணக்கில் சேர்ந்து 64 காட்டும். தோளின் முன்பக்கம் கை வையுங்கள். எலும்பு உங்கள் கையைத் தள்ள ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்தி அளவைப் படியுங்கள். மேல்கைக்கு அடியில் துண்டு மடித்து வையுங்கள். நிறைய ஸ்மாஷ் அடித்த பிறகு உள்சுழற்சி சற்று நேரம் குறைந்தே இருக்கும், அதனால் எப்போதும் பயிற்சிக்கு முன்பே அளக்க வேண்டும். முடிந்தால் ஒரே ஆள்.

இன்னொன்று. சின்ன வயதிலிருந்து தலைக்கு மேல் கை ஓங்கி ஆடுபவர்களுக்கு மேல்கை எலும்பே கொஞ்சம் முறுகி வளரும். ஆடும் கையில் வெளிச்சுழற்சி கூடும், உள்சுழற்சி குறையும். ரெண்டையும் கூட்டி மற்ற கையோடு ஒப்பிடுங்கள்.

பழைய ஆட்டக்காரன்:
தராசுப் பட்டையை எங்கே கட்டினீர்கள்? முழங்கையிலிருந்து 20 செ.மீ.யில் 9 கிலோ என்றால், அதே பலம் 25 செ.மீ.யில் 7.2 கிலோதான் காட்டும். மணிக்கட்டுப் பக்கம் நகர நகர எண் இறங்கும். பேனாவால் கையில் கோடு போட்டுவிடுங்கள். தராசைக் கையில் பிடிக்காமல் ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். இல்லாவிட்டால் பிடிப்பவரின் பலம்தான் தெரியும்.

கணக்கு டீச்சர்:
எட்டுப் பிள்ளைகளை, நடுவில் பயிற்சி இல்லாமல், ரெண்டு நாள் அளந்து பாருங்கள் சார். ஒவ்வொருவரின் வித்தியாசத்தையும் எழுதி, அவற்றின் திட்ட விலக்கத்தை (அவை எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்ற அளவை) கண்டுபிடித்து இரண்டால் பெருக்குங்கள். அதற்குள் அடங்கும் ஏற்ற இறக்கத்தை மாற்றம் என்று சொல்ல முடியாது.

சிப்புட் கோச்:
செய்து பார்த்தோம். பட்டை நிஜமாகவே மணிக்கட்டுப் பக்கம் நழுவியிருந்திருக்கிறது. கோடு போட்டுக் கட்டியதும் மறுபடி 9. திட்ட விலக்கம் 3 டிகிரி, ஆக 6க்குள் வந்தால் கண்டுகொள்வதில்லை. அந்தப் பெண்ணுக்கு வலது உள்சுழற்சி 50, வெளி 104. இடது 60, 95. கூட்டினால் வலது 154, இடது 155.

ஈப்போ பிசியோ:
கூட்டுத்தொகை ரெண்டு கைக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், வலியும் இல்லையே, ஆடட்டும். வலி வந்தால் அளந்துகொண்டு உட்காராமல் கூட்டி வாருங்கள்.

சிப்புட் கோச்:
சரிக்கா. தராசு மட்டும் அடுத்த வாரம் கிடைக்காது. மாமியார் சென்னைக்குப் போகிறார், பெட்டி நிறுக்க வேண்டுமாம்.