ஒளியியக்கமா, ஒளித்தூண்டலா?

ஐயா, வணக்கம்.

மூளைக்கட்டிக்குச் செய்யும் போட்டோடைனமிக் தெரபிக்கு ‘ஒளியியக்க மருத்துவம்’ என்று சொல்லியிருந்தீர்கள். போட்டோ என்றால் ஒளி, டைனமிக் என்றால் இயக்கம். சொல்லுக்குச் சொல் சரிதான். எனக்குச் சிக்கலே அங்கேதான்.

கும்பகோணத்தில் எங்கள் தெரு டீக்கடையில் அந்தச் சொல்லை விட்டுப் பார்த்தேன். (கலைச்சொல்லுக்கு அதைவிட நல்ல ஆய்வகம் உண்டா?) வாழைத்தார் இறக்கிவிட்டு வந்த ஒருவர் யோசிக்கவே இல்லை. “கரண்ட் வைக்கிறதுதானே?” என்றார். ‘கதிரியக்கம்’ அவ்வளவு ஆழமாகக் காதில் உட்கார்ந்திருக்கிறது. ‘இயக்க’ என்று முடிந்தாலே முடி கொட்டுவது ஞாபகத்துக்கு வந்துவிடும். இதிலோ கதிரியக்கம் துளிகூடக் கிடையாது, பயன்படுவது கண்ணுக்குத் தெரிகிற சிவப்பு வெளிச்சம். வெறுமனே ‘ஒளிச் சிகிச்சை’ என்றும் விட முடியாது. காமாலை கண்ட பச்சைக் குழந்தையை நீல விளக்கின் கீழ் வைக்கிறார்களே, அதற்கு அந்தப் பெயர் போய்விட்டது.

நடப்பது என்ன? நோயாளி 5-அமினோலெவுலினிக் அமிலம் என்ற மருந்தைக் குடிக்கிறார். கட்டியின் செல்கள் அதைப் புரோட்டோபார்ஃபிரின் என்ற நிறமியாக மாற்றிச் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. நீல ஊதா வெளிச்சத்தில் கட்டி மட்டும் சிவப்பாக ஒளிரும். எதுவரை வெட்டலாம் என்று அறுவை மருத்துவருக்குக் காட்ட இந்த மருந்தை அமெரிக்காவில் 2017-லேயே அனுமதித்துவிட்டார்கள். சிகிச்சை அதற்கு அடுத்த படி, மூளைக்கட்டிக்கு இந்த மருந்தைப் பொறுத்தவரை அது இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது. வெட்டியது போக மிஞ்சிய இடத்தில் 635 நானோமீட்டர் சிவப்பு ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். ஒளியிடமிருந்து வாங்கிய ஆற்றலைப் புரோட்டோபார்ஃபிரின் பக்கத்திலிருக்கும் ஆக்சிஜனிடம் தள்ளிவிடுகிறது. அந்த ஆக்சிஜன் முறுக்கேறி, தான் இருக்கும் செல்லையே சிதைக்கிறது. அடுத்த தெருவுக்குப் போவதற்குள் அதன் ஆட்டம் முடிந்துவிடும். ஜப்பானில் டாலபோர்ஃபின் என்ற வேறொரு மருந்து, 664 நானோமீட்டர் ஒளி. அங்கே மூளைக்கட்டிக்கு 2013-லேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

ஆக, ஒளி நேரே கட்டியைச் சுடுவதில்லை, மருந்தை எழுப்பிவிடுகிறது. 1900 வாக்கில் மியூனிக்கில் ராப் என்ற மாணவர், அக்ரிடின் சாயம் கலந்த நீரில் பாரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிரிகள் வெளிச்சம் பட்டால் சாவதைப் பார்த்தார். அவருடைய பேராசிரியர் டாப்பைனர், இதில் ஆக்சிஜனும் சேர வேண்டும் என்று கண்டு, 1904-ல் வைத்த பெயர்தான் இந்த ‘டைனமிக்’. அங்கேயும் எதுவும் நகரவில்லை, ஓடவில்லை. நாம் ஏன் ‘இயக்க’த்தைச் சுமக்க வேண்டும்?

நாட்டு மருந்துக் கடையில் கார்போகரிசி கிடைக்கிறது. வெண்புள்ளிக்கு அதைப் பூசி வெயில் காட்டுவது பழைய வழக்கம். வேதியியல் வேறுதான், ஆனால் வெளிச்சம் படும்வரை மருந்து தூங்குகிறது என்பது நம் ஆட்களுக்குப் புதிதில்லை.

முதலில் ‘ஒளிக்கிளர் மருத்துவம்’ என்று எழுதினேன். கிளர்வு நிலை என்று வேதியியல் புத்தகத்திலேயே இருக்கிறது, அறிவியலுக்கு அச்சாகப் பொருந்தும். வீட்டில் படித்துக் காட்டினேன். “மூளையைக் கிளறுவாங்களா?” என்றாள் மனைவி. திருவையாற்று அசோகா கிண்டுகிற கரண்டி கண் முன்னால் வந்தது. அந்தச் சொல்லை அப்படியே கிழித்துப் போட்டேன்.

இப்போது என் பரிந்துரை ‘ஒளித்தூண்டல் சிகிச்சை’. நாச்சியார்கோவில் குத்துவிளக்கின் திரியைத் தூண்டுகோலால் தூண்டுகிறோம் அல்லவா? இங்கே வெளிச்சமே தூண்டுகோல். என்ன சொல்கிறீர்கள்?

* * *

தம்பிக்கு,

இயக்கத்தை விட்டுவிடுகிறேன், வாழைத்தார்க்காரர் என்னைத் தோற்கடித்துவிட்டார். ஆனால் தூண்டல் என்றதும் பள்ளிப் பிள்ளைக்கு மின்காந்தத் தூண்டல்தான் நினைவுக்கு வரும். முன்னால் மூளையையும் சேர்த்தால், மண்டைக்குள் கம்பி வைத்து மூளையைத் தூண்டுகிற வைத்தியம் என்று நினைப்பார்கள். தூண்டப்படுவது மருந்து என்று நீதான் மூன்று பத்தி எழுதியிருக்கிறாய். அந்த மருந்தைச் சொல்லுக்குள் காணோமே?

* * *

ஐயா,

ஒப்புக்கொள்கிறேன். ‘ஒளித்தூண்டு மருந்து’ என்று மருந்துக்குப் பெயர் வைத்துவிட்டால், சிகிச்சை ‘ஒளித்தூண்டு மருந்துச் சிகிச்சை’ ஆகிவிடும். கொஞ்சம் நீளம்தான், பரவாயில்லை.

இதையும் டீக்கடைக்குக் கொண்டுபோனேன். அதே ஆள்தான். “அப்ப மருந்தைக் குடிச்சிட்டு வெயில்ல நிக்கணுமா?” என்றார். விஷயம் பிடிபட்டுவிட்டது, ஆனால் தலைகீழாக! மருந்து தோலிலும் கொஞ்சம் தங்கும் என்பதால், குடித்தபின் ஓரிரு நாள் வெயிலே ஆகாது. அதையும் சொல்லுக்குள் திணிக்க என்னால் முடியாது. நோயாளிகளுக்கான துண்டறிக்கையில், இந்தப் பெயருக்குக் கீழே முதல் வரியாகப் போட்டுவிடுகிறேன்.