கார்பன் கவுன்டி பழைய சிறை: அருங்காட்சியகமா, பேய்க் கடையா?

மலையோரன்:
பென்சில்வேனியாவில் ஜிம் தார்ப் ஊரிலிருக்கும் பழைய கவுன்டிச் சிறைக்குப் போயிருந்தேன். 1871இல் கட்டியது. 1995 வரை கைதிகள் இருந்தார்கள். பிறகு தனியார் வாங்கி அருங்காட்சியகம் ஆக்கிவிட்டார்கள். நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் 'மோலி மகுவயர்ஸ்' என்ற ஐரிஷ் ரகசியக் குழுவினர் என்று கொலைக் குற்றம் சாட்டி, ஏழு பேரைத் தூக்கில் போட்ட இடம் அது. கூட்டமோ 17ஆம் அறைச் சுவரில் இருக்கும் 'அழியாத கைத்தடத்தை' எட்டிப் பார்க்கத்தான் முண்டியடிக்கிறது. அது தூக்கில் தொங்கிய கேம்ப்பெல் கையா, ஃபிஷர் கையா என்பதிலேயே ஆளுக்கொரு கதை! இதற்குக் கட்டடத்தை நூலகமாக்கியிருக்கலாம்.

கரிச்சட்டை:
நூலகமா? அந்த அறைகளில் அலமாரி வைத்தால் ஆள் நிற்க இடமிருக்காது. கைத்தடத்துக்குக் கூட்டம் வருகிறது, கூட்டத்தின் காசில் கூரை ஒழுகாமல் இருக்கிறது. இதில் என்ன தப்பு? 1877 ஜூன் 21 அன்று இங்கே நாலு பேர், பக்கத்துக் கவுன்டியில் பாட்ஸ்வில்லில் ஆறு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். பாட்ஸ்வில் சிறை இன்னும் சிறையாகவே ஓடுகிறது. உங்களால் உள்ளே போய்ப் பார்க்க முடியுமா?

மலையோரன்:
பார்க்க முடிவது சரி, எதைப் பார்க்கிறோம்? அவர்களுக்குள் நுழைந்த உளவாளி மெக்பார்லனுக்குச் சம்பளம் கொடுத்தது, சுரங்கங்கள் வைத்திருந்த ரெடிங் ரயில்வே. அவர்களைப் பிடித்தது கம்பெனி போலீஸ். கேம்ப்பெல் வழக்கில் அரசுத் தரப்பில் வாதாடிய ஆல்பிரைட், நிலக்கரிக் கம்பெனி வக்கீல். கோர்ட்டுக்கு ராணுவச் சீருடையில் வந்தவர். அரசாங்கம் தந்தது கோர்ட்டும் தூக்குமேடையும்தான். வாசலில் முதலில் சொல்லவேண்டியது இதை. கைத்தடம் கடைசியில் வரட்டும்.

நடுத்தெரு:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். மார்கன் பவல், ஜான் ஜோன்ஸ் என்ற சுரங்க மேலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதும் நடந்ததுதான். விசாரணை அநியாயம் என்பதால் தூக்கில் தொங்கிய எல்லாரும் அப்பாவி ஆகிவிடமாட்டார்கள். அருங்காட்சியகம் தியாகிகள் மண்டபமாக மாறினால் அதுவும் ஒரு கைத்தடக் கதைதான்.

கரிச்சட்டை:
தூக்கிலிடப்பட்டு நூறு வருஷம் கழித்து, 1979இல், மோலி மகுவயர்ஸ் தலைவர் எனப்பட்ட ஜாக் கீஹோவுக்கு மாநில ஆளுநரே மன்னிப்பு வழங்கினாரே, அதையும் கதை என்பீர்களா?

நடுத்தெரு:
இல்லை. ஆனால் அது கீஹோ ஒருவருக்கு, அவரும் பாட்ஸ்வில்லில் தொங்கியவர். இந்தச் சிறையின் ஏழு பேருக்கும் சேர்த்து அதைக் காட்டாதீர்கள்.

மலையோரன்:
இதே சண்டையை 17ஆம் அறை வாசலில் எழுதி வைத்தால், நான் இன்னொரு டிக்கெட் வாங்கத் தயார்.