செம்பனைத் திசு வளர்ப்பு: தளிர்கள் 4 செ.மீ.க்கு மேல் எழவில்லை, உதவி தேவை

குருத்தோலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஜொகூரில் ஒரு சிறிய திசு வளர்ப்பு ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். நல்ல குலை தரும் ஒரு தெனேரா (கலப்பின வகை) தாய்மரத்தின் இளங்குருத்திலிருந்து தொடங்கிய வளர்ப்பு எங்களிடம் இருக்கிறது. குருத்துத் துண்டுகளை வைத்து, காலஸ் (உருவம் பெறாத திசுத் திரள்) வந்து, அதில் கரு உருவாகி, தளிர் முளைக்க இரண்டரை ஆண்டுகள் ஆகிவிட்டன. வைத்த துண்டுகளில் கரு வரைக்கும் வந்தவை மிகச் சில. அவற்றைப் பெருக்கித்தான் இன்று 300 பாட்டில்கள் நிற்கின்றன.

கொத்திலிருந்து பிரித்துத் தனித்தனிப் பாட்டிலுக்கு மாற்றும்போது தளிர்கள் 3, 4 செ.மீ. இருந்தன. மூன்று மாதமாகியும் அதே உயரம். இலைகள் பச்சையாகத்தான் இருக்கின்றன, ஆனால் ஒரு மாதிரி ஒளி ஊடுருவும் பச்சை. நுனி பழுப்பாகிறது. வேர் பத்தில் ஒன்றுக்குத்தான் வந்திருக்கிறது.

ஊடகம்: பாதி வலிமை எம்.எஸ். (முராஷிகே-ஸ்கூக் உப்புக் கலவை), சர்க்கரை லிட்டருக்கு 30 கிராம், இறுக வைக்க ஜெல்ரைட் 2 கிராம், வேரைத் தூண்டும் ஹார்மோன் என்.ஏ.ஏ. 0.1 மில்லிகிராம், பி.எச். 5.7. அறை வெப்பம் 27 பாகை, வெளிச்சம் 12 மணி நேரம். பிளாஸ்டிக் மூடி, அதன் மேல் பாராஃபிலிம் (இழுத்து ஒட்டும் மெழுகுப் படலம்) இரண்டு சுற்று. என் அப்பா 26 ஆண்டுகள் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவர். இந்தக் கன்றுகள் எப்போது மண்ணுக்குப் போகும் என்று வாரம் தவறாமல் கேட்கிறார். என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

தேனி வாழை எழுதியது:

வாழைத் திசு வளர்ப்பில் இருக்கிறேன். தளிர் நின்றுபோனால் நாங்கள் பி.ஏ.பி. (தளிரைத் தூண்டும் சைட்டோகைனின் வகை ஹார்மோன்) அளவைக் கூட்டுவோம். 2 மில்லிகிராம் வரை போய்ப் பாருங்கள், பக்கத் தளிர்கள் வெடித்துக் கிளம்பும்.

குருத்தோலை எழுதியது:

நன்றி அண்ணா. போன மாதம் 20 பாட்டில்களில் 1 மில்லிகிராம் பி.ஏ.பி. சேர்த்துப் பார்த்தேன். அடிப்பகுதி வெங்காயம் போல் பருத்தது. உயரம் கொஞ்சமும் கூடவில்லை, இருந்த ஓரிரு வேர்களும் நின்றுவிட்டன.

பேராக் மூத்தவர் எழுதியது:

தங்கைக்கு வணக்கம். செம்பனை ஆய்வகத்தில் 20 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த பி.ஏ.பி.யை உடனே நிறுத்துங்கள். தேனித் தம்பி வாழைக்குச் சொன்னது சரி. வாழை பக்கக்கன்று விடும் இனம், கிழங்கில் மொட்டுகள் உறங்கிக்கொண்டிருக்கும், சைட்டோகைனின் அவற்றை எழுப்பும். செம்பனைக்கு உச்சியில் ஒரே ஒரு வளர்முனைதான். எழுப்புவதற்குப் பக்கமொட்டு அங்கே காத்திருக்கவில்லை. அதனால்தான் இதைப் பதியன் போடவும் முடியாது, கன்று பிரிக்கவும் முடியாது. காலஸ், கரு என்ற நீண்ட வழியில் நாம் போக வேண்டியிருப்பதும் அதனால்தான்.

இரண்டு கேள்விகள். காலையில் விளக்கு எரியத் தொடங்கிய பிறகு மூடியின் உட்புறம் எப்படி இருக்கிறது? பாட்டிலைச் சாய்த்தால் ஊடகம் அசைகிறதா?

குருத்தோலை எழுதியது:

ஐயா, இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தேன். மூடியில் முத்து முத்தாக நீர் கோத்திருக்கிறது, சில பாட்டில்களில் இலை மேலேயே சொட்டுகிறது. சாய்த்தால் ஊடகம் முழுவதும் ஒரு பக்கமாக வழுக்கி நகர்கிறது, அடியில் நீர் தேங்கியிருக்கிறது. ஓர் இலையை வெளியே எடுத்து விரலால் அழுத்தினேன். நார் தட்டுப்படவே இல்லை, நீர் கோத்த வெண்டைக்காய்த் துண்டு போல நசுங்கிவிட்டது.

பேராக் மூத்தவர் எழுதியது:

அந்த வெண்டைக்காய்தான் விடை. உங்கள் கன்றுகளுக்குப் பசி இல்லை, அவை நீரில் ஊறிக்கொண்டிருக்கின்றன. ஆங்கிலத்தில் இதை விட்ரிஃபிகேஷன் என்பார்கள், நாங்கள் கண்ணாடித்தன்மை என்று சொல்லிப் பழகிவிட்டோம். இலையின் மேல் மெழுகுப் பூச்சு சரியாக உருவாகாது, இலைத்துளைகள் ஒழுங்காகத் திறந்து மூடாது, திசு இடைவெளியெல்லாம் நீர். இப்படிப்பட்ட கன்று வேர் விட்டாலும் வெளியே எடுத்த அன்றே துவண்டுவிடும்.

உங்கள் விஷயத்தில் காரணம் இரண்டு என்று நினைக்கிறேன். ஒன்று, ஜெல்ரைட். அது அகார் போல் அல்ல. இறுகுவதற்குக் கால்சியமும் மக்னீசியமும் வேண்டும். எம்.எஸ். உப்பு முழுவதையும் நீங்கள் பாதியாக்கியபோது அவையும் பாதியாகிவிட்டன. 2 கிராம் ஜெல்ரைட் முழு எம்.எஸ்.ஸில் ஓரளவு தாங்கும், பாதியில் கஞ்சியாகிவிடும். தளிரின் அடி அந்தக் கஞ்சியில் நிற்கிறது. கால்சியம், மக்னீசியம் இரண்டையும் முழு அளவுக்குக் கொண்டுவாருங்கள். பாதியாக்க வேண்டியது நைட்ரஜனை மட்டுமே. அதிலும் அம்மோனியம் நைட்ரேட் முக்கியம், முழு எம்.எஸ்.ஸில் அது லிட்டருக்கு 1650 மில்லிகிராம். அம்மோனியம் மிகுந்தால் கண்ணாடித்தன்மை கூடும். ஜெல்ரைட்டையும் 3 கிராமாக உயர்த்துங்கள்.

இரண்டு, அந்தப் பாராஃபிலிம். மூச்சுவிட வழியில்லாத பாட்டிலில் ஈரம் நிறைவதோடு செடி விடும் எத்திலீன் வாயுவும் தேங்கும். தளிர் நீளாமல் அடி பருப்பதற்கு அதுவும் சேர்ந்து உதவும். மூடியில் சிறு துளையிட்டு நுண்துளைச் சவ்வு ஒட்டுங்கள்.

ஆனால் 300 பாட்டிலையும் ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள். இருபது இருபதாக நான்கு குழு வையுங்கள்: பழையபடி ஒன்று, ஊடகம் மட்டும் மாற்றியது, மூடி மட்டும் மாற்றியது, இரண்டும் மாற்றியது. எது பலன் தந்தது என்று தெரியாமல் கிடைக்கும் வெற்றி அடுத்த தொகுதிக்கு உதவாது.

நாற்றங்கால் எழுதியது:

ஐயா சொன்னதோடு ஒன்று. தளிரின் அடியில் பால் கலங்கியது போல் வெள்ளை வளையம் இருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். திசுவுக்குள் மறைந்திருக்கும் பாக்டீரியாவும் வளர்ச்சியை இப்படி நிறுத்தும்.

குருத்தோலை எழுதியது:

பார்த்தேன் அக்கா, இல்லை. ஐந்து தளிர்களின் அடியை நறுக்கி பாக்டீரியா ஊடகத்தில் தேய்த்தும் வைத்தேன், நான்கு நாளாகியும் ஒன்றும் வளரவில்லை. நான்கு குழுக்களையும் நாளை தொடங்குகிறேன். இன்னொரு சந்தேகம். தளிர்கள் தேறாவிட்டால், கைவசம் இருக்கும் கருக்கொத்துகளை மறுபடி மறுபடி பெருக்கி ஈடுகட்டலாமா?

பேராக் மூத்தவர் எழுதியது:

கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன். 1980-களில் மலேசியத் தோட்டங்களில் நட்ட திசு வளர்ப்பு மரங்கள் சில பூத்தபோதுதான் தெரிந்தது, பூவின் ஆண் உறுப்புகள் சூலகம் போல மாறி, காயைச் சுற்றிப் போர்வை போல் வளர்ந்திருந்தன. கடுமையாகப் பாதித்த மரங்களில் குலையே அழிந்துபோனது. 2015-இல் மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் நேச்சர் இதழில் காரணத்தை வெளியிட்டார்கள். பூ உறுப்பை வகுக்கும் ஒரு மரபணுவுக்குள் கர்மா என்ற தாவும் மரபுக்கூறு உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல் இருக்க வேண்டிய மெத்தில் குறி (டி.என்.ஏ.வில் ஒட்டியிருக்கும் ஒரு வேதிக் குறி) வளர்ப்பின்போது அழிந்துபோவதுதான் கோளாறு. மரபெழுத்து மாறுவதில்லை, அந்தக் குறி மட்டும்தான் போகிறது.

பாட்டிலில் கன்றைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. நட்டு, மூன்று ஆண்டு உரம் போட்டு, பூத்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். இலைத் துண்டில் அந்தக் குறியைச் சோதிக்கும் வழி இன்று இருக்கிறது, வசதி உள்ள இடத்துக்கு அனுப்புங்கள். எந்தக் கொத்தை எத்தனை முறை பெருக்கினோம் என்று ஒவ்வொரு பாட்டிலிலும் எழுதி வையுங்கள். ஓர் எல்லை வைத்து, அதைத் தாண்டியதை எவ்வளவு பச்சையாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். அந்தக் கன்றை வாங்கி நடுபவர் 25 ஆண்டுகள் அதோடு வாழப்போகிறவர்.

குருத்தோலை எழுதியது (8 வாரம் கழித்து):

ஐயா, அக்கா, அண்ணா, எல்லோருக்கும் நன்றி. பழைய குழுவில் மாற்றமே இல்லை. ஊடகம் மட்டும் மாற்றியதில் புதிய இலை பாதிப் பாட்டில்களில் வந்தது, ஆனால் மூடியில் நீர் நிற்கவில்லை என்று சொல்ல முடியாது. மூடி மட்டும் மாற்றியதில் இலை கெட்டியானது, வளர்ச்சி மெதுவாகவே இருக்கிறது. இரண்டும் மாற்றிய குழுவில் 20-இல் 14 தளிர்கள் 7 செ.மீ. தாண்டிவிட்டன. புதிய இலையைத் தொட்டால் சொரசொரப்பு தெரிகிறது. முன்பே முழுக்கக் கண்ணாடியாகிவிட்ட நான்கு தளிர்கள் தேறவில்லை.

இழப்பும் உண்டு. சவ்வு சரியாக ஒட்டாத மூன்று பாட்டில்களில் பூஞ்சை வந்துவிட்டது. காற்று போவதால் ஊடகம் சீக்கிரம் காய்ந்து சுருங்குகிறது, பாட்டிலுக்கு 30 மி.லி. ஊற்றியதை 45 ஆக்கியிருக்கிறேன். வேருக்கு இனி என்ன செய்வது?

நாற்றங்கால் எழுதியது:

மிக்க மகிழ்ச்சி தங்கையே. இப்போது வேருக்குப் போகலாம், முன்பே செய்திருந்தால் வீண். இருக்கும் திட ஊடகத்தின் மேலேயே என்.ஏ.ஏ. கலந்த திரவ ஊடகத்தை மெல்லிய அடுக்காக ஊற்றும் இரட்டை அடுக்கு முறை செம்பனைக்கு நன்றாக வேலை செய்கிறது. கன்றைத் தனித்தனியாகப் பிடுங்கி மாற்ற வேண்டியதில்லை. கெட்டி இலை விட்ட பாட்டில்களில் மட்டும் செய்யுங்கள், இன்னும் பளபளப்பவற்றில் ஊற்றினால் மறுபடி ஊறும். உங்கள் ஊடகத்தில் கரி சேர்த்திருந்தால் சொல்லுங்கள், கரி என்.ஏ.ஏ.வை உறிஞ்சிக்கொள்ளும், அளவு மாறும்.

வெளியே எடுக்கும் நாளில் வேரில் ஒட்டிய ஜெல்லை வெதுவெதுப்பான நீரில் ஒரு துளி விடாமல் கழுவுங்கள். அதிலிருக்கும் சர்க்கரைதான் தட்டில் பூஞ்சையைக் கூப்பிடும். முதல் இரண்டு வாரம் பிளாஸ்டிக் கூடாரம், பிறகு தினம் கொஞ்சமாகத் திறந்து விடுங்கள்.

குருத்தோலை எழுதியது:

கரி சேர்க்கவில்லை அக்கா. திங்கட்கிழமை 14 பாட்டில்களில் திரவ அடுக்கு ஊற்றுகிறேன். மூடி மாற்றும் வேலை மற்ற 220 பாட்டில்களுக்கும் தொடங்கிவிட்டது. அப்பாவிடம் ஒரு பாட்டிலைப் படம் எடுத்துக் காட்டினேன். இலை இன்னும் பிரியாமல் ஒற்றை வாளாக இருக்கிறதே, இது செம்பனைதானா என்று கேட்டார். இளங்கன்று அப்படித்தான் இருக்கும், நாற்றங்காலில் மாதங்கள் போனால் ஓலை பிரியும் என்று சொன்னேன். பெருக்கல் கணக்குப் புத்தகத்தையும் இன்று முதல் பாட்டில் எண்ணோடு எழுதத் தொடங்கியிருக்கிறேன்.